ஐபோனா, ஆண்ட்ராய்டா? அதற்கு முன்னால், காசு எங்கிருந்து வருகிறது?

வளவன்

கேமரா எது நல்லது, சிப் எது வேகம் என்ற சண்டையைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் போட்டாகிவிட்டது. நான் பேச நினைப்பது வேறு. இந்த இரண்டு தளங்களும் எந்தக் காசில் ஓடுகின்றன? அது தெரிந்தால் மற்ற பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் ஆப்பிள். 2024 நிதியாண்டில் மொத்த வருவாய் சுமார் 39,100 கோடி டாலர். அதில் ஐபோன் விற்பனை மட்டும் ஏறக்குறைய 20,100 கோடி. இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் "சேவைகள்" என்ற கணக்கில் 9,600 கோடி வந்திருக்கிறது: ஆப் ஸ்டோர் கமிஷன், ஐகிளவுட் சந்தா, விளம்பரம் எல்லாம் சேர்த்து. பொருள்களில் மொத்த லாப விகிதம் 37 சதவீதம். சேவைகளில் 74 சதவீதம். போனை விற்று முடித்த பிறகு வருகிற காசுதான் கொழுத்த காசு.

அடுத்து கூகுள். 2005-ல் ஆண்ட்ராய்டை வாங்கியது. மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ப்ளே ஸ்டோர், மேப்ஸ், யூடியூப் சேர்த்து விற்க வேண்டுமென்றால் கூகுளோடு ஒப்பந்தம் போட வேண்டும். புது ஆண்ட்ராய்டு போனைத் திறந்ததும் முகப்பில் ஒரு தேடல் பட்டை இருக்கிறதே, அது அழகுக்காக வைத்தது இல்லை. அது அங்கே இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக அந்த ஒப்பந்தத்தின் ஷரத்தாக இருந்தது.

இப்போது ஐபோனை எடுத்து அதன் உலாவியான சஃபாரியின் முகவரிப் பட்டையில் ஏதாவது ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள். எங்கே போகிறது? அதே கூகுளுக்குத்தான். அந்த இடத்துக்காக 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். சஃபாரி வழியாக வரும் தேடல் விளம்பர வருவாயில் 36 சதவீதம் ஆப்பிளுக்குப் போகிறது என்பதும் நீதிமன்றத்தில் வெளிவந்துவிட்டது.

ஆக, ரசிகர்கள் அடித்துக்கொள்கிறோம். முதலாளிகள் வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அப்படியானால் நாம் எதற்கும் எதற்கும் நடுவில் தேர்வு செய்கிறோம்?

நிலாமதி

வளவன், எண்கள் சரி. ஆனால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்ற முடிவுக்கு அதிலிருந்து போக முடியாது.

2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்தது. ஒரு ஆப் உங்களை மற்ற ஆப்களிலும் தளங்களிலும் பின்தொடர வேண்டுமென்றால் உங்களிடம் கேட்டாக வேண்டும் என்றார்கள். திரையில் ஒரே ஒரு கேள்வி, இரண்டு பொத்தான். அவ்வளவுதான். அதனால் 2022-ல் தனக்கு 1,000 கோடி டாலர் அளவுக்கு இழப்பு வரும் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவே முதலீட்டாளர்களிடம் சொன்னது. ஒரு பொத்தானுக்கு அவ்வளவு விலை இருந்திருக்கிறது!

கூகுளால் அதே வேகத்தில் அதே வேலையைச் செய்திருக்க முடியுமா? முடியாது. அதன் சோறே விளம்பரம். ஆப்பிளால் முடிந்தது, ஏனென்றால் நான் போனுக்கே காசு கொடுத்துவிட்டேன். வியாபார முறை வேறு என்பதால் எனக்குக் கிடைக்கிற பாதுகாப்பும் வேறு. நான் கூடுதல் விலை கொடுப்பது இதற்காகத்தான்.

மாறன்77

நிலாமதி சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தனியுரிமைதான் உயிர் என்றால், கோடிக்கணக்கான பேருடைய தேடலை ஏன் விளம்பரக் கம்பெனிக்கே அனுப்பி வைக்க வேண்டும்? அந்த 2,000 கோடியை வாங்கிக்கொண்டே "நாங்கள் உங்கள் தகவலில் காசு பார்ப்பதில்லை" என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று. நீங்கள் சொல்லும் அந்த அனுமதிக் கேள்விக்காகவே 2025 மார்ச்சில் பிரான்சின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ அபராதம் போட்டது. பாதுகாப்பு தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஒரு அளவுகோல், தனக்கு ஒரு அளவுகோல் என்று அதை அமல்படுத்திய விதம் தவறு என்றார்கள். ஆப் ஸ்டோரில் எதையாவது தேடினால் முதலில் வந்து நிற்பது விளம்பரம். அது யாருடைய விளம்பர வியாபாரம்?

நிலாமதி

அந்த அபராதம் எனக்குத் தெரியும். இருந்தாலும், கேள்வியே கேட்காமல் பின்தொடர்வதைவிட, கேட்கிற விதத்தில் குறை இருப்பது மேல். தேடல் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். அங்கே ஆப்பிள் தன் சொல்லைக் காப்பாற்றவில்லை.

குறுநிரல்

இரண்டு ஸ்டோருக்கும் ஆப் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன்.

ஸ்டோர் கமிஷன் என்றாலே எல்லோரும் "30 சதவீதம்" என்றே பேசுகிறார்கள். சின்ன டெவலப்பர்களுக்கு இப்போது கணக்கு அப்படி இல்லை. ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குக் கீழே வருமானம் என்றால் 2021 ஜனவரியிலிருந்து ஆப்பிள் எடுப்பது 15 சதவீதம். அதே வருஷம் ஜூலையில் கூகுளும் முதல் 10 லட்சத்துக்கு 15 என்று இறங்கியது. மாதம் 10 டாலர் சந்தா என்றால் ஒன்றரை டாலர் ஸ்டோருக்கு, எட்டரை எனக்கு. பில்லிங், பணம் திருப்பித் தருவது, நாட்டுக்கு நாடு வரி எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்பதால் அந்த ஒன்றரை டாலரைப் பற்றி நான் அதிகம் புலம்புவதில்லை.

என்னை உறுத்துவது வேறு. என் வாடிக்கையாளரிடம் நான் என்ன பேசலாம் என்பதையும் ஸ்டோரே முடிவு செய்கிறது. "என் இணையதளத்தில் வாங்கினால் விலை குறைவு" என்று ஆப்புக்குள் ஒரு வரி எழுத நெடுங்காலம் விடவில்லை. ஒருமுறை உதவிப் பக்கத்தில் என் தளத்தின் முகவரி இருந்ததற்காக ஒரு ஸ்டோரில் அப்டேட் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த அப்டேட்டில் பயனர்கள் காத்திருந்த ஒரு கோளாறுக்கான திருத்தம் இருந்தது. முகவரியை எடுத்த பிறகுதான் வழிவிட்டார்கள்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதைதான். ஐபோனில் அமேசானின் மின்புத்தக ஆப்பான கிண்டிலைத் திறந்தால் புத்தகத்தைப் படிக்கலாம், மாதிரி பார்க்கலாம், வாங்க மட்டும் முடியாது. எங்கே வாங்குவது என்றுகூட ஆப் சொல்லாது. இது பல வருஷம் அப்படியே இருந்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டைச் செய்யும் எபிக் போட்ட வழக்கில் 2021-ல் நீதிபதி, வெளியே போய் வாங்க வழிகாட்டும் இணைப்பைத் தடுக்கக் கூடாது என்றார். ஆப்பிள் என்ன செய்தது? இணைப்பை அனுமதித்தது, ஆனால் அதன் வழியாக நடக்கிற விற்பனைக்கும் 27 சதவீதம் கேட்டது. போதாக்குறைக்கு, இணைப்பை அழுத்தியதும் திரை முழுக்க ஒரு எச்சரிக்கை. 30-க்கும் 27-க்கும் நடுவில் இருக்கிற 3 சதவீதத்தில் கார்டு கட்டணத்தைக் கட்டிவிட்டு ஒரு டெவலப்பர் என்ன மிச்சம் பிடிப்பான்? 2025 ஏப்ரலில் அதே நீதிபதி, இது என் உத்தரவை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தார். அதற்கடுத்த மாதமே அமெரிக்காவில் கிண்டில் ஆப்புக்குள் புத்தகம் வாங்கப் போகும் பொத்தான் வந்துவிட்டது. தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை என்பது அதிலேயே தெரிகிறது.

கூகுள் பக்கம் மட்டும் சுத்தமா? எபிக் அங்கேயும் வழக்குப் போட்டது. 2023 டிசம்பரில் நடுவர் குழு கூகுளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வேறு ஸ்டோர் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே, வேறு ஸ்டோர் வளராமல் இருக்க ஒப்பந்தங்கள் போட்டது அந்த வழக்கில்தான் வெளியே வந்தது. சாம்சங் போன்களில் தன் தேடல், அசிஸ்டன்ட், ப்ளே ஸ்டோர் ஆகியவை முதன்மையாக இருக்க நாலு வருஷத்துக்கு 800 கோடி டாலர் என்று அங்கே சாட்சியம் வந்தது.

பழையபோன்

நான் விண்டோஸ் போனைக் கடைசிவரை வைத்திருந்தவன். மூன்றாவதாக ஒரு தளம் ஏன் நிற்கவில்லை என்பதைப் பேசாமல் இந்த விவாதம் முழுமையாகாது.

மைக்ரோசாஃப்ட்டின் முறை எளிமையானது. கணினிக்கு விண்டோஸ் விற்ற மாதிரியே போனுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிமக் கட்டணம். எதிரே ஆண்ட்ராய்டு சும்மா கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய தளத்தை ஒரு போன் கம்பெனி ஏன் எடுக்கும்? 2011 பிப்ரவரியில் நோக்கியா கைகோத்தது; அதற்குப் பிறகு விண்டோஸ் போன் என்றாலே ஏறக்குறைய நோக்கியா என்றாகிவிட்டது. 9 அங்குலத்துக்குக் குறைவான திரைகளுக்குக் கட்டணம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது 2014 ஏப்ரலில். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அதே மாதம் நோக்கியாவின் போன் பிரிவை வாங்கி முடித்தார்கள். மறு வருஷமே 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளினார்கள்.

ஆப் இல்லை, ஆப் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஏன் இல்லை என்பதையும் பாருங்கள். அந்தத் தளத்துக்கு யூடியூப் ஆப் எழுத கூகுள் முன்வரவில்லை. 2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டே ஒன்றை எழுதி வெளியிட்டது. ஆகஸ்டில் கூகுள் அதை முடக்கியது. சேவையும் தளமும் ஒரே கையில் இருந்தால் அடுத்தவனுக்கு இதுதான் நடக்கும்.

பிளாக்பெர்ரிக்கு வேறு நோய். அவர்களிடம் பிபிஎம் இருந்தது. அந்தச் செய்திச் சேவைக்காகவே போன் வாங்கியவர்கள் உண்டு. போன் விற்க வேண்டும் என்பதற்காக அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள். 2013-ல் மற்ற தளங்களுக்குத் திறந்தபோது ஆட்கள் வேறு இடத்தில் குடியேறிவிட்டார்கள். பாம் கம்பெனியின் போன் தளமான வெப்ஓஎஸ் 2009-ல் வந்தபோது ஆப்களுக்கு நடுவே மாறுகிற முறையில் மற்ற எல்லோரையும்விட முன்னால் நின்றது. இன்றைக்கு நம் போனில் அட்டைகளைத் தள்ளிவிடுகிறோமே, அந்த வழக்கம் அங்கிருந்து வந்தது. ஹெச்பி 120 கோடி டாலர் கொடுத்து பாமை வாங்கி, 2011 ஆகஸ்டில் வெப்ஓஎஸ் கருவிகளையே கைவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஒரு விவரம் மட்டும் சேர்த்துவிடுகிறேன். "இலவச" ஆண்ட்ராய்டும் கம்பெனிகளுக்கு முழுக்க இலவசமாக இருந்ததில்லை. காப்புரிமைக் கட்டணமாக ஒரே வருஷத்துக்கு சாம்சங் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கட்டியது 100 கோடி டாலருக்கு மேல்.

வளவன்

பழையபோன் சொன்னதுதான் மையம். இலவசம் என்பதே ஆயுதம். தளத்தை விற்றுச் சம்பாதிக்கிறவனால், தளத்தைக் கொடுத்துவிட்டு வேறிடத்தில் சம்பாதிக்கிறவனோடு போட்டி போட முடியாது.

அந்த இலவசத்துக்கு ஒரு கட்டும் இருந்தது. ஆண்ட்ராய்டின் மாற்று வடிவம் ஒன்றை ஒரே ஒரு கருவியில் விற்றாலும் அந்தக் கம்பெனிக்குத் தன் மற்ற போன்களில் ப்ளே ஸ்டோர் கிடைக்காது. அமேசானின் ஃபயர் ஓஎஸ்ஸை வைத்துப் போன் செய்யப் பெரிய கம்பெனிகள் முன்வராததற்கு இந்த ஷரத்தும் காரணம் என்று ஐரோப்பிய ஆணையம் கண்டுபிடித்தது. 2018 ஜூலையில் அபராதம் 434 கோடி யூரோ. 2022-ல் நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தது, ஆனால் குற்றச்சாட்டின் பெரும்பகுதியை உறுதி செய்தது.

நாடோடி

எல்லாம் சரி நண்பர்களே. இருந்தாலும் ஆண்ட்ராய்டில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

எந்தத் தளம் ஏறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் பூட்லோடரை என் போனில் திறந்து, அதில் வந்த தளத்தைத் துடைத்துவிட்டு, ஆண்ட்ராய்டின் மாற்று வடிவமான கிராஃபீன்ஓஎஸ் போட்டு வைத்திருக்கிறேன். கூகுள் கணக்கு கிடையாது. ஆப்கள் எஃப்-டிராய்டு என்ற ஸ்டோரிலிருந்து வருகின்றன, எல்லாம் திறமூலம், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். கம்பெனி கைவிட்ட பழைய போன்களுக்கு லினேஜ்ஓஎஸ் என்ற இன்னொரு வடிவத்தைப் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். ஐபோனில் இதைச் செய்ய முடியுமா? காசு கொடுத்து வாங்கிய பிறகும் அதில் எந்த மென்பொருள் ஓடலாம் என்பதை வாங்கியவர் முடிவு செய்ய முடியாது.

ஆனால் அந்தக் கதவும் வருஷத்துக்கு வருஷம் ஒருக்களித்துக்கொண்டே போகிறது. முன்பு விசைப்பலகை, நாட்காட்டி, பாட்டு ஆப் எல்லாம் திறமூலத் தொகுப்பில் நல்ல நிலையில் இருந்தன. கூகுள் ஒவ்வொன்றாகத் தன் மூடிய ஆப்பாக மாற்றிக்கொண்டு, பழையதைக் கவனிப்பாரற்று விட்டுவிட்டது. 2025 மார்ச்சில் ஆண்ட்ராய்டின் உருவாக்கப் பணி முழுவதையும் உள்ளேயே வைத்துக்கொள்வதாக அறிவித்தது. வெளியீடு முடிந்த பிறகுதான் நிரல் நமக்கு. அப்புறம் ஆகஸ்டில் வந்ததுதான் பெரிய அடி. ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப் கொடுக்கிற டெவலப்பரும் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில் அந்த ஆப் ஏறாது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, பிறகு உலகம் முழுக்க என்பது திட்டம். எதிர்ப்பு கிளம்பியதும், அனுபவமுள்ளவர்களுக்குத் தனி வழி ஒன்று வைப்போம் என்று நவம்பரில் சொன்னார்கள்.

சீனாவின் ஹுவாவேக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2019 மே மாதம், அமெரிக்கக் கம்பெனிகள் அதோடு வியாபாரம் செய்யத் தடை. செப்டம்பரில் வந்த மேட் 30-ல் ஆண்ட்ராய்டு இருந்தது, கூகுள் இல்லை. திறமூலம் கையில் இருந்தும் சீனாவுக்கு வெளியே அந்தப் போனை விற்பது பெரும்பாடாகிவிட்டது. உண்மையான பிடி எங்கே இருக்கிறது என்று அதில் தெரிந்தது.

நிலாமதி

நாடோடி, உங்களுக்கு அது சுதந்திரம். என் அம்மாவுக்கு அது ஆபத்து. "உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது, இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று செய்தியில் ஒரு கோப்பு வரும். அதை நிறுவினால் குறுஞ்செய்தி படிக்கிற அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கி அனுப்புகிற ஓடிபி நேராகத் திருடனிடம் போகும். இப்படிச் சேமிப்பை இழக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பூட்லோடர் திறக்கத் தெரிந்த ஒருவருக்காக, தெரியாத எல்லோரையும் திறந்த வெளியில் நிறுத்த வேண்டுமா?

நாடோடி

அந்த மோசடி உண்மை, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் பாதுகாப்புக்கு ஒரே வழி கம்பெனி கையில் எல்லாவற்றையும் கொடுப்பதுதானா? இதே ஆப்பிள் செய்கிற மேக் கணினியைப் பாருங்கள். அதில் ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் நிறுவலாம். ஆப்பிள் சோதித்து முத்திரை வைத்த ஆப் என்றால் எளிதாகத் திறக்கும், இல்லையென்றால் எச்சரிக்கும், அதையும் மீறி, வேண்டுமென்றே அமைப்புகளுக்குள் போய் அனுமதித்தால் ஓடும். பூட்டு இருக்கட்டும், நல்ல பூட்டாகவே இருக்கட்டும். சாவி வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. உங்கள் அம்மாவின் போனில் நீங்களே பூட்டிவிட்டு வாருங்கள். என் போனில் நான் திறந்துகொள்கிறேன்.

மேக்கில் சரியாக இருக்கிற ஒன்று ஐபோனில் மட்டும் ஏன் ஆகாது? மேக்கில் கமிஷன் பழக்கம் வேரூன்றவில்லை, ஐபோனில் வேரூன்றிவிட்டது. எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

செம்பருத்தி

போன் பழுதுபார்ப்பது என் தொழில். ஒரு போன் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்பதையும் இந்த வியாபார முறைதான் தீர்மானிக்கிறது.

ஆப்பிளுக்குப் பழைய போன் வைத்திருப்பவரும் வருமானம்தான். ஐகிளவுட் கட்டுகிறார், ஆப் வாங்குகிறார். அதனால் அப்டேட் கொடுப்பதில் அவர்களுக்கும் லாபம். 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், ஐஓஎஸ் 12-ல் தொடங்கி 2024-ன் ஐஓஎஸ் 18 வரை வாங்கியது. ஆண்ட்ராய்டில் போன் செய்கிறவருக்கு, விற்ற பிறகு ப்ளே ஸ்டோர் காசு பெரும்பாலும் கூகுளுக்குப் போகிறது. அப்டேட் என்றால் அவருக்கு வெறும் செலவு. அதிலும் சிப் கம்பெனி தன் பங்கை நிறுத்திவிட்டால் போன் கம்பெனி நினைத்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 2017-ல் சிப் கம்பெனியின் பகுதியையும் ஆண்ட்ராய்டையும் பிரித்து வைக்கும் டிரெபிள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து கூகுள் அந்தச் சிக்கலைக் கொஞ்சம் அவிழ்த்தது. 2023-ல் பிக்சல் 8-க்கு ஏழு வருஷம், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு ஏழு வருஷம் என்று வாக்குறுதி வந்தது. நல்ல மாற்றம். ஆனால் அதெல்லாம் விலை உயர்ந்த போன்களுக்கு.

மலிவு போன்களின் கதை தனி. ஷாவ்மி 2018-ல் தன் கருவிகளில் நிகர லாபத்தை 5 சதவீதத்துக்கு மேல் போகவிடமாட்டோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அப்படியானால் மீதி லாபம் இணையச் சேவையிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் வர வேண்டும், இல்லையா? என் மேசைக்கு வருகிற சில மலிவு போன்களில் (கம்பெனி பெயர் வேண்டாம்) கோப்பு மேலாளரைத் திறந்தால் விளம்பரம், ஆப் நிறுவி முடித்ததும் விளம்பரம், பூட்டுத்திரையில் தினம் ஒரு படத்தோடு விளம்பரம். அணைக்கிற பொத்தான் ஒவ்வொரு ஆப்பிலும் ஒவ்வொரு இடத்தில் ஒளிந்திருக்கும். அதை வைத்திருப்பவர் பெரும்பாலும் வயதானவராகவோ, முதல் போன் வாங்கியவராகவோ இருப்பார். விலையில் மிச்சம் பிடித்ததை நேரமாகவும் எரிச்சலாகவும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அதற்காக ஆப்பிளை நான் விட்டுவிடவில்லை. ஒரு அசல் ஐபோனின் திரையை இன்னொரு அசல் ஐபோனில் மாட்டினாலும், அசல் பாகம்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று அறிவிப்புக் காட்டும்படி வைத்தார்கள். பாகத்தில் குறை இல்லை. வரிசை எண் பொருந்தவில்லை, அவ்வளவுதான். 2024-ல் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலம் இப்படிப் பாகங்களை இணைத்துப் பூட்டுவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. அதே வருஷம் ஐஓஎஸ் 18-ல், பழைய அசல் பாகத்தை மாட்டி அளவமைக்க வழி கொடுத்தார்கள். சட்டம் வரும்போது வழியும் பிறக்கிறது.

மாறன்77

செம்பருத்தியின் கடைசி வரியோடு எனக்கு நூற்றுக்கு நூறு உடன்பாடு. எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறையான ஆர்சிஎஸ் ஐபோனுக்கு வந்தது 2024-ல், பல வருஷ நெருக்கடிக்குப் பிறகு. வாட்ஸ்அப் உரையாடல்களை ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோக 2021 வரை அதிகாரபூர்வ வழியே கிடையாது. இந்தப் பக்கம் காசு கொடுத்து வாங்கிய ஆப் அந்தப் பக்கம் வராது. போனைவிட போனை விட்டு வெளியேறுவதற்குத்தான் அதிக விலை கொடுக்கிறோம்.

குறுநிரல்

சட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரிய தளங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் டிஎம்ஏ சட்டப்படி 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4-ல் வேறு ஸ்டோர்களுக்கு வழி திறந்தது. கூடவே ஒரு புதுக் கட்டணமும் வந்தது: புது நிபந்தனைகளை ஏற்கிற ஆப் ஆண்டுக்கு 10 லட்சம் நிறுவல்களைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் அரை யூரோ. இலவச ஆப் ஒன்றைப் பொழுதுபோக்காக எழுதுகிறவனை யோசித்துப் பாருங்கள். 20 லட்சம் பேர் நிறுவினால், ஒரு பைசா வருமானம் இல்லாமலே 5 லட்சம் யூரோ கடன். லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு விலக்கு இருந்தது, வருமானமே இல்லாதவர்களுக்குப் பிறகு விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் எழுதியவுடனே பயம் வந்துவிட்டது. பயமே வேலையை முடித்துவிடும். 2025 ஏப்ரலில் ஆணையம் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விதித்தது, வெளி விலையைச் சொல்லவிடாமல் தடுத்ததற்காக.

கதவைத் திற என்று மட்டும் எழுதினால் போதாது. திறப்பதற்கு எவ்வளவு வாங்கலாம் என்பதையும் சட்டமே சொல்ல வேண்டும்.

வளவன்

நான் தொடங்கிய 2,000 கோடிக்குத் திரும்புகிறேன். கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். சரி, இனி அந்தப் பணம் நிற்கும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். 2025 செப்டம்பரில் வந்த பரிகாரத் தீர்ப்பில், பணம் கொடுக்கலாம், வேறு யாருக்கும் இடம் தராத ஒப்பந்தமாக மட்டும் இருக்கக் கூடாது என்றார். குரோமையும் விற்கச் சொல்லவில்லை. கூகுளின் ஏஐ உதவியாளரான ஜெமினி ஆப்புக்கும் அந்தத் தடை பொருந்தும் என்பது நல்ல செய்தி. தேடல் பட்டை இருந்த இடத்தில் நாளைக்கு உதவியாளர் வந்து உட்காரும்போது மறுபடியும் இதே கதை நடக்காமல் இருக்க அது கொஞ்சம் உதவும்.

நிலாமதிக்கு என் பதில்: ஆப்பிள் உங்கள் தகவலைக் குறைவாக எடுக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் அது வாடகைக்கு விடுவது உங்கள் பழக்கத்தை. உலாவியின் அமைப்பைத் தேடிப்போய் மாற்றமாட்டீர்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த விலை.

நிலாமதி

அந்த அமைப்பை மாற்ற ஐந்து விநாடிகூட ஆகாது, வளவன். நான் வேறு தேடுபொறிக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. என் பழக்கத்தை யாரும் வாடகைக்கு விட முடியாது. உங்கள் விமர்சனம் மாற்றாதவர்களுக்குப் பொருந்தும், எனக்குப் பொருந்தாது. ஆனால் மாற்றாதவர்கள்தான் ஏறக்குறைய எல்லோரும் என்பதையும் மறுக்கவில்லை.

தென்றல்

எல்லாவற்றையும் படித்தேன். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. அஞ்சு வருஷமாவது வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு போன் வாங்க வேண்டும். நீங்கள் பேசியதை வைத்து, வாங்குவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும்?

செம்பருத்தி

முதலில், பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் எந்த வருஷம் முடிகிறது என்று கம்பெனியின் தளத்திலேயே பாருங்கள். வாங்கிய நாளிலிருந்து கணக்கிடாதீர்கள்; அந்த மாடல் வெளிவந்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். போன வருஷ மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் ஒரு வருஷம் ஏற்கெனவே போய்விட்டது. அடுத்து, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், அசல் பேட்டரி கிடைக்குமா என்று கேளுங்கள். ஐந்து வருஷத்தில் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும்.

வளவன்

அதோடு, வெளியேறும் வழியை உள்ளே போகும்போதே பாருங்கள். படங்களைக் கூகுளிலிருந்து எடுக்க அதன் டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. ஐகிளவுடிலிருந்து கூகுள் போட்டோஸுக்கு நேராக மாற்ற ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் வழி இருக்கிறது. ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜிபி மட்டும். அது சீக்கிரம் நிரம்பும், நிரம்பியதும் சந்தா கேட்கும். கடவுச்சொற்களை இரண்டு பக்கமும் ஓடுகிற ஒரு ஆப்பில் வையுங்கள். வருஷச் சந்தாக்களை முடிந்தவரை அந்தந்தச் சேவையின் இணையதளத்திலேயே எடுங்கள், ஸ்டோர் வழியாக வேண்டாம். போன் மாறினாலும் அவை கூடவே வரும், குறுநிரல் மாதிரி ஆட்களுக்கும் முழுக்காசு கிடைக்கும்.

நாடோடி

வாங்கியதும் செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் போய், விளம்பரங்கள் என்பதைத் திறந்து, விளம்பரத்துக்காக உங்கள் போனை அடையாளம் காட்டும் விளம்பர ஐடியை நீக்கிவிடுங்கள். பெயர்கள் மாடலுக்கு மாடல் சற்று மாறும். ஐபோன் என்றால் தனியுரிமைப் பகுதியில் டிராக்கிங் கேட்கும் அனுமதியையே மொத்தமாக அணைக்கலாம். அதே பகுதியில் கீழே ஆப்பிள் விளம்பரம் என்று தனியாக இருக்கும், அதையும் அணையுங்கள், முதலாவதை அணைத்தால் இரண்டாவது தானாக அணையாது. இரண்டு போனிலும் கூகுள் கணக்கு வைத்திருந்தால், இணையம் மற்றும் ஆப் செயல்பாடு என்ற இடத்தில் தானாக அழிக்கும் காலத்தை 3 மாதம் என்று வையுங்கள். புதுக் கணக்குகளில் அவர்களாக வைத்திருப்பது 18 மாதம்.